அத்தியாயம் 7: பிளாஷரை மாற்றுவதற்கு முன்

பழைய காரில் இண்டிகேட்டர் எரியாமல் போனால் முதல் பழி பிளாஷர் மேல்தான் விழும். அது கைக்குள் அடங்கும், விலை குறைவு, எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும், பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருக இரண்டு நிமிடம் போதும். அதை மாற்றியும் எரியாவிட்டால் அடுத்தது பல்பு, அதற்கடுத்து சுவிட்ச், கடைசியில் "ஒயரிங்கே போயிடுச்சு சார், மொத்தமா மாத்திடலாம்" என்ற தீர்ப்பு. முப்பது வருஷம் ஓடிய வண்டியில் இவற்றில் எதுவும் கெட்டிருக்கலாம். ஆனால் இவற்றைவிட அடிக்கடி கெடுவது இவற்றுக்கு நடுவில் இருக்கும் இணைப்புகள்: களிம்பேறிய ஒரு கிளிப், துருப்பிடித்த ஒரு திருகு, டேப் பிசுபிசுத்துக் கழன்று தொங்கும் ஒரு முறுக்கு. இவை கடையில் விற்கிற சாமான்கள் இல்லை என்பதால் யாரும் இவற்றைச் சந்தேகப்படுவதும் இல்லை.

இந்த அத்தியாயத்துக்கு அம்பாசடரை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் வாரிசாக வந்து, 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. அதன் பழைய மாடல்களின் மின்னமைப்பு லூகாஸ் முறைப்படி அமைந்தது. ஒயரின் நிறத்தைப் பார்த்தே பாதி வழியைக் கண்டுபிடித்துவிடலாம். மாருதி 800, பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் தேடும் முறை இதேதான். நிறங்களும் ஃபியூஸ் பெட்டி இருக்கும் இடமும் மட்டும் மாறும்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியிலிருந்து பழுப்பு நிற ஒயர் சாவி சுவிட்சுக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் அங்கிருந்து வெள்ளை ஒயர் ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. ஃபியூஸைத் தாண்டியதும் அதுவே பச்சை. பச்சை ஒயர் பிளாஷருக்குள் நுழைந்து, பழுப்புக் கோடு போட்ட இளம்பச்சையாக வெளியே வந்து, ஸ்டியரிங் கீழே உள்ள இண்டிகேட்டர் சுவிட்சில் ஏறுகிறது. அங்கே இரண்டாகப் பிரிவு: சிவப்புக் கோடு போட்ட பச்சை இடது பக்கத்துக்கு, வெள்ளைக் கோடு போட்ட பச்சை வலது பக்கத்துக்கு. முன்னே ஒரு 21 வாட் பல்பு, பின்னே ஒரு 21 வாட் பல்பு. பல்பைக் கடந்த மின்சாரம் ஹோல்டரின் உடல் வழியாகவோ கறுப்பு ஒயர் வழியாகவோ வண்டியின் பாடிக்கு இறங்கி, பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது.

இந்த ஒரு பத்தியை ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டு அறையில் போட்டுவையுங்கள். முன்னால் வைத்திருந்தவர்கள் கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒயர் போட்டிருப்பார்கள் என்பது உண்மைதான். தொழிற்சாலை நிறம் எங்கே நின்று வேறு நிறம் எங்கே தொடங்குகிறதோ, அந்த இடத்தில் ஒரு கை வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். தேடலை அங்கிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெஸ்ட் லைட், ஒரு மல்டிமீட்டர், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு தனி ஒயர், நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு சின்ன இணைப்பு ஒயர். இவ்வளவு போதும்.

டெஸ்ட் லைட்டை வாங்க வேண்டாம், செய்துகொள்ளுங்கள். ஒரு பழைய ஹோல்டரில் 21 வாட் பல்பைப் போட்டு இரண்டு ஒயர் இழுத்து முனைகளில் முதலைக் கிளிப் மாட்டினால் முடிந்தது. மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் மின்சாரத்தை ஏறத்தாழ இழுப்பதே இல்லை. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது நிம்மதியாக 12 வோல்ட் காட்டும். அதே ஒயரில் 21 வாட் பல்பை வைத்தால் ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். கொடுக்க முடியாத ஒயர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். "மீட்டர்ல கரன்ட் வருது, ஆனா லைட் எரியல" என்று தலையைச் சொறிபவர்கள் எல்லோரும் இந்தப் பல்பைக் கையில் எடுக்காதவர்கள். ஒரு எச்சரிக்கை: எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால், என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் எந்த ஒயரிலும் இந்தப் பல்பை வைக்காதீர்கள். அங்கே மீட்டர் மட்டும்தான்.

தொடங்குமுன் பேட்டரியைப் பாருங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதி. ஆல்டர்னேட்டர் வண்டியில் என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். பேட்டரியே 11.8-இல் கிடந்தால் மற்ற சோதனைகள் எல்லாம் பொய் சொல்லும். பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் எர்த் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்றும் தெருவோரக் கடைகளில் உண்டு. டைனமோ காலத்து வித்தை அது. ஆல்டர்னேட்டரில் செய்தால் வோல்டேஜ் எகிறி டையோடு, ரெகுலேட்டர், ஸ்டீரியோ எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கருவி எடுக்காமலே தெரிவது

சாவியைப் போட்டுப் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். வைப்பரைப் போடுங்கள். ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். லூகாஸ் அமைப்பில் இவை எல்லாமே இண்டிகேட்டரோடு ஒரே பச்சை ஃபியூஸில் தொங்குபவை. மூன்றும் செத்திருந்தால் கோளாறு ஃபியூஸிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. பிளாஷரைத் தேடிக் குனிய வேண்டியதே இல்லை. மூன்றும் வேலை செய்து இண்டிகேட்டர் மட்டும் எரியாவிட்டால், பிளாஷரில் தொடங்கி விளக்குகள் வரை பாருங்கள்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். இரண்டு பக்கமும் எரியவில்லையா, ஒரு பக்கம் மட்டுமா? பிளாஷர் இரண்டு பக்கத்துக்கும் பொது. வலது பக்கம் ஒழுங்காகச் சிமிட்டுகிறது, இடது பக்கம் மட்டும் தகராறு என்றால் பிளாஷர் மேல் குற்றமே இல்லை. அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த், அல்லது சுவிட்சில் அந்தப் பக்கத்துக் கான்டாக்ட், இந்த நான்குக்குள் ஒன்று. ஒரு பக்கம் எரியாததற்குப் புதுப் பிளாஷர் போட்டுக்கொண்டு வருபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

அவசர விளக்கு சுவிட்ச் உள்ள வண்டிகளில் அதையும் அமுக்கிப் பாருங்கள். ஹசார்டு எரிகிறது, இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் பல்புகளும் எர்த்தும் பெரும்பாலும் நலம். சாவி வழியாக வரும் சப்ளையையோ இண்டிகேட்டர் சுவிட்சையோ பாருங்கள். பல வண்டிகளில் இண்டிகேட்டருக்கான மின்சாரமே ஹசார்டு சுவிட்சின் உள்ளே புகுந்துதான் பிளாஷருக்கு வருகிறது. வருஷக்கணக்கில் தொடாத அந்தச் சுவிட்சின் உள்ளே கான்டாக்ட் கறுத்துப்போய் இண்டிகேட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும். பத்து இருபது தடவை அமுக்கி எடுங்கள். பாதி வண்டிகள் அதிலேயே உயிர் பெறும். செலவு ஒன்றும் இல்லை.

பிளாஷருக்கு ஒரு நேர்மையான விசாரணை

இரண்டு முனை உள்ள பழைய பிளாஷரில் ஒன்று பேட்டரி முனை, மற்றது லேம்ப் முனை. மூன்றாவது ஒன்று இருந்தால் அது டேஷ்போர்டுப் பைலட் விளக்குக்கோ எர்த்துக்கோ போவது. ஜெர்மன் எண் போட்ட எலக்ட்ரானிக் பிளாஷர்களில் 49 உள்ளே வரும் மின்சாரம், 49ஏ வெளியே போவது, 31 எர்த்.

பிளாஷரைப் பிடுங்கிவிடுங்கள். சாவியைப் போட்டு, இண்டிகேட்டரை இடது பக்கம் தள்ளுங்கள். ஃபியூஸ் வைத்த இணைப்பு ஒயரால் பேட்டரி முனை ஒயரையும் லேம்ப் முனை ஒயரையும் சேர்த்துப் பிடியுங்கள். எர்த் முனையைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் போவது இணைப்பு ஒயரின் ஃபியூஸ் மட்டுமே, அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. இப்போது இடது பக்கம் முன்னும் பின்னும் சிமிட்டாமல் பளிச்சென்று நின்று எரிந்தால் மற்றதெல்லாம் சரி, பிளாஷர்தான் குற்றவாளி. தாராளமாகப் புதியது வாங்குங்கள். எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால் பிளாஷர் நிரபராதி.

அந்த இணைப்பை அப்படியே விட்டுவையுங்கள். இனிச் செய்யப்போகும் அளவுகளுக்கு அது மிகவும் உதவும். விட்டு விட்டு எரியும் விளக்கில் மீட்டர் எண் நிலைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நின்று எரியும்போது நிதானமாக அளக்கலாம்.

எர்த் என்னும் மறந்துபோன பாதி

ஒரு பல்புக்கு இரண்டு வழி வேண்டும். போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பி வரும் வழி, பாடிக்குள் மறைந்திருப்பதால், கண்ணில் படுவதில்லை. பழைய வண்டியில் டெயில் லேம்ப்பின் ஹோல்டர் ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கிறது, தகடு ஒரு திருகால் பாடியில் நிற்கிறது. அந்தத் திருகின் கீழே மூன்று தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள், ஒரு தடவை டிங்கர் வேலை நடந்திருக்கும், மழைக்காலத்தில் லென்ஸ் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. இத்தனைக்கும் பிறகு அந்தத் திருகு மின்சாரம் கடத்துகிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டும்.

எர்த் கெட்ட வண்டி விசித்திரமாக நடந்துகொள்ளும். இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும். டெயில் லைட் அணைந்திருக்கும்போது சரியாக இருக்கும் இண்டிகேட்டர், இரவில் விளக்குப் போட்டதும் சோம்பிவிடும். பேய் பிடித்ததுபோல் தெரியும் இதற்குக் கணக்கு நேரானது. டெயில் லேம்ப்பில் உள்ள பல்புகள் எல்லாம் ஒரே எர்த்தை நம்பியிருப்பவை. அந்த வழி அடைபட்டால், இண்டிகேட்டர் பல்பைக் கடந்த மின்சாரம் பக்கத்தில் உள்ள 5 வாட் டெயில் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, டெயில் ஒயரைப் பிடித்து, அடுத்த பக்கத்து விளக்கின் நல்ல எர்த்தில் போய் இறங்குகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து ஆடினால், வேறெதையும் யோசிக்காமல் எர்த்தைப் பாருங்கள்.

காரைக்குடியில் நான் பார்த்த ஒரு வெள்ளை அம்பாசடர் இதற்கு நல்ல பாடம். வலது பக்கம் மட்டும் மெதுவாக எரிகிறது என்று உரிமையாளர் வரிசையாகப் பிளாஷர்களை மாற்றியிருந்தார். அவரோடு வந்த மெக்கானிக் பையன், "சுவிட்ச் அசெம்பிளி வாங்கிட்டு வந்துடட்டுமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிளாஷரைக் கழற்றி இணைப்பு ஒயரைப் போட்டு, வலது விளக்கை நின்று எரியவிட்டோம். நீள ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டி, மறுமுனையை டிக்கிக்குக் கொண்டுவந்து மீட்டரின் கறுப்புக் கம்பியோடு சேர்த்தோம். சிவப்புக் கம்பியைப் பின் ஹோல்டரின் பித்தளை உடலில் வைத்தால் 2.8 வோல்ட். எர்த் என்று பெயர் கொண்ட இடத்தில் அது 0.2-க்கு மேல் போகவே கூடாது. திருகைக் கழற்றினால் அடியில் பச்சைப் பொடி. உப்புத்தாளால் தகட்டையும் பாடியையும் வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, கூடவே ஹோல்டரிலிருந்து பாடிக்கு ஒரு கறுப்பு ஒயரும் கொடுத்தோம். மீட்டர் 0.1-க்குக் கீழே இறங்கியது. பிளாஷரைச் செருகியதும் வலதும் இடதும் ஒரே வேகத்தில் அடித்தன. பையன், "அவ்வளவுதானாண்ணே?" என்றான். அவ்வளவுதான்.

இந்த அளவு ஏன் இவ்வளவு பெரிதாக வேலை செய்கிறது என்றால், 12 வோல்ட்டில் எரியும் 21 வாட் பல்பின் தடையே ஏழு ஓமுக்குச் சற்றுக் குறைவு. வழியில் ஒரே ஒரு ஓம் கூடுதலாகச் சேர்ந்தாலும் ஒன்றரை வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட மிக வேகமாக விழும் தன்மையுடையது: வோல்டேஜில் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். பகல் வெயிலில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்த விளக்கு எரிவதே தெரியாது.

போகும் வழியையும் இப்படியே அளக்கலாம். சிவப்புக் கம்பியைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, கறுப்பைப் பல்பின் அடி முனையில் வையுங்கள். மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் சுவிட்ச், பிளாஷர் முனை, ஃபியூஸ், சாவி என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வாருங்கள். எங்கே எண் திடீரென்று குறைகிறதோ, நீங்கள் அப்போதுதான் கடந்த இணைப்பில் களிம்பு இருக்கிறது.

பின் எர்த் சரியாக இருந்தும் வண்டி முழுக்கக் குழப்பம் என்றால் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பின்னல் எர்த் பட்டையைப் பாருங்கள். அது அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். கேபிள் சூடாவதை வைத்தே கண்டுபிடித்தவர்கள் உண்டு.

வேகம் சொல்லும் சேதி

பழைய பிளாஷர் வெப்பத்தால் இயங்குவது. உள்ளே ஓடும் மின்சாரம் ஒரு கம்பியையோ உலோகப் பட்டையையோ சூடாக்கி வளைக்கும், கான்டாக்ட் பிரியும், ஆறும், மறுபடி சேரும். பல்புகள் இழுக்கும் மின்சாரத்தை நம்பித்தான் அதன் தாளம் இருக்கிறது. ஒரு பல்பு போனால் சூடு போதாமல் பெரும்பாலும் மந்தமாகும், அல்லது சிமிட்டாமல் நின்று எரியும். எலக்ட்ரானிக் பிளாஷர் நேர்மாறு: ஒரு பல்பு போனதைக் கண்டுபிடித்து இரண்டு மடங்கு வேகத்தில் அடித்து உங்களை எச்சரிக்கும். ஆகவே 'வேகமாக அடிக்கிறது' என்பதைக் கோளாறு என்று நினைத்துப் பிளாஷரை மாற்றாதீர்கள். இறங்கிப் போய் அந்தப் பக்கத்தில் எரியாத பல்பைத் தேடுங்கள்.

டைனமோ வண்டியில் இரவு சிக்னலில் நிற்கும்போது இண்டிகேட்டர் தூங்கி வழிவது இயல்பு. ஐட்லிங்கில் டைனமோ கொடுப்பது மிகக் குறைவு, ஹெட்லைட் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் வேகம் வந்தால் கவலை வேண்டாம். வெப்பப் பிளாஷரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட ஆசைப்பட்டால், முதலில் வண்டி நெகட்டிவ் எர்த்தா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் கட்டியவை உண்டு. எலக்ட்ரானிக் பிளாஷருக்கு முனை மாறினால் அந்த நிமிடமே சமாதி.

பல்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை இழை 21 வாட் பல்பின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்கும். 21/5 இரட்டை இழை பல்பில் ஒரு காது மேலே, ஒரு காது கீழே. ஒன்றின் இடத்தில் மற்றதை அழுத்தித் திருகி உட்கார வைத்திருக்கும் வண்டிகள் ஏராளம். கீழே உள்ள இரண்டு முனைகளும் ஒன்றாக ஒட்டி, பிரேக் மிதித்தால் முன் பார்க்கிங் லைட் எரியும் அதிசயம் அங்கிருந்துதான் வருகிறது. பல்பு கையோடு உட்கார வேண்டும். மல்லுக்கட்டினால் அது தவறான பல்பு.

சுவிட்சும் தானாகத் திரும்புவதும்

இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் பித்தளைக் கான்டாக்டும் கிரீஸும் இருக்கும். அந்த கிரீஸ் காலத்தில் மெழுகாகி, தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாகிவிடும். சுவிட்சைத் தள்ளி விரலால் லேசாக மேலே அழுத்தினால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் இதுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது தடவை இடமும் வலமும் தள்ளி, காயவிட்டு, மறுபடி அடியுங்கள். ஸ்டியரிங் வளையும் இடத்தில் ஒயர்கள் உள்ளுக்குள் அறுந்திருப்பதும் உண்டு. மேலுறை முழுதாக இருக்கும், செம்பு மட்டும் அறுந்திருக்கும். சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். விளக்கு விட்டுவிட்டுப் போனால் கண்டுபிடித்தாயிற்று.

வளைவு முடிவதற்குள் இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரமே விழுந்துவிடுகிறதா? முன் சக்கர வேலைக்கு ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். வண்டி நேராகப் போகும்போது வீல் நேராக நிற்கிறதா பாருங்கள். சுவிட்சில் கோளாறு இல்லை.

ஒயர் ஒட்டுப் போடும் விதம்

ஒயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கிறதா? இன்னும் இரண்டு அங்குலம் வெட்டுங்கள், பளிச்சென்ற செம்பு வரும்வரை. கறுத்த இழையில் லக் அடித்தாலும் ஈயம் பிடித்தாலும் ஆறு மாதம்தான். முறுக்கி டேப் சுற்றுவதை எங்கள் ஊர் வெயில் மன்னிக்காது. பசை உருகி, டேப் நழுவி, அந்த இடம் பாடியில் உரசும். சரியான அளவு லக் போட்டு, கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டுங்கள். வெறும் ஈயப்பற்று வேண்டாம் என்பது என் கட்சி: ஈயம் ஏறிய இடத்துக்குப் பக்கத்தில் ஒயர் விறைத்து, வண்டியின் அதிர்வில் அங்கேயே அறும். இண்டிகேட்டருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயர் தாராளம். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயரை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள்.

எலி கடித்த ஒயரை ஒட்டும்போது அந்த ஓர் இடத்தோடு நிறுத்தாமல் கட்டு முழுக்கத் தடவிப் பாருங்கள். எலி ஒரு கடியோடு போவதில்லை.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருக்கும். அது எரிந்து அறுகிற அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் அளவுதான். வேறு நாட்டு முறையில் செய்த கண்ணாடி ஃபியூஸில் போட்டிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு '35' ஃபியூஸைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும் என்பதால், எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் என்றால் 15 அல்லது 20 எண் உள்ளதைப் போடுங்கள். சிகரெட் பெட்டித் தாள், செம்புக் கம்பி வைப்பவர்கள் ஃபியூஸை மாற்றுவதில்லை. ஒயர்கட்டு முழுவதையும் ஃபியூஸாக்குகிறார்கள்.

ஷார்ட்டைத் தேட ஃபியூஸ்களை வரிசையாகப் பலி கொடுக்க வேண்டாம். போன ஃபியூஸின் இடத்தில் அந்த 21 வாட் டெஸ்ட் லைட்டின் இரண்டு கிளிப்பையும் மாட்டுங்கள். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஓடுவது இரண்டு ஆம்பியருக்குள் என்பதால் எதுவும் கருகாது. இனி அந்த ஃபியூஸில் தொங்கும் பிரேக் சுவிட்ச், வைப்பர், பிளாஷர், முள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில் ஷார்ட். கிளை தெரிந்ததும் அந்த ஒயரைக் கையால் அசைத்துக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பல்பு சிமிட்டும். அம்பாசடரில் டிக்கிக்குப் போகும் ஒயர்கட்டு தகட்டைக் கடக்கும் துளைகளில் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

எல்இடி போடுகிறவர்களுக்கு

எல்இடி பல்பு இழுக்கும் மின்சாரம் சொற்பம். வெப்பப் பிளாஷர் அதற்குச் சூடாகவே செய்யாது. எலக்ட்ரானிக் பிளாஷரோ பல்பு போய்விட்டது என்று நினைத்துப் படபடவென அடிக்கும். எல்இடிக்கென்றே வரும் பிளாஷரை வாங்குவது நல்ல வழி. 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரைப் பல்போடு இணையாகப் போடுவது மற்றொரு வழி. அது அடுப்புப்போல் சுடும் என்பதால் தகட்டில் திருகி மாட்டுங்கள், பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வெளிறித் தெரியும். மஞ்சள் நிற எல்இடியே வாங்குங்கள்.

டேஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பைலட் விளக்கு உள்ள வண்டிகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு விளக்கும் சேர்ந்து அடிக்கும். அந்தப் பைலட் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் மாட்டியிருப்பது. எரியாத பக்கத்துப் பல்புகளையே எர்த்தாகப் பயன்படுத்திக்கொள்வது. பழைய இழை பல்புகளுக்கு அந்தக் கசிவு மின்சாரம் போதாது, எல்இடிக்குப் போதும். பைலட்டின் ஒரு முனையை நேரடியாக எர்த்தில் கொடுத்து, மறுமுனைக்கு இடது ஒயரிலிருந்தும் வலது ஒயரிலிருந்தும் ஆளுக்கொரு 4007 டையோடு வழியாகச் சப்ளை கொடுங்கள். டையோடின் வெள்ளிக் கோடு பைலட் பக்கம் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-க்குக் குறையாமல், 120-க்கு மேல் போகாமல் இருப்பதுதான் மோட்டார் வாகன விதி கேட்பது. பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது விளக்குகளைப் போடச் சொல்லித்தான் பார்ப்பார்கள். ஹெட்லைட்டையும் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, ஐட்லிங்கில் இன்னொரு தடவை எண்ணிவிடுங்கள். எர்த்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.